இறங்கித் தள்ளுதல்: அவலாஞ்சிச் சாலை குறித்துச் சில குறிப்புகள்

1

எமரால்டைத் தாண்டிய ஏற்றம் அது. நானும், மேட்டுப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனும் ஆளுக்கொரு பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறோம். சாலையின் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே தேயிலைக்குள் புகுந்து ஏறும் ஒற்றையடித் தடத்திலிருந்து, தலையில் விறகுச் சுமையோடு ஓர் அம்மா வெளிப்பட்டார். கீழ் வளைவில் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தவர்தான். மேல் வளைவில் எங்களுக்கு முன்னால் நின்றார். எங்களை ஒருமுறை, சைக்கிளை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, தள்ளிக்கிட்டுப் போறதுக்கு எதுக்குப்பா சைக்கிளு?" என்று கேட்டார். அண்ணன் சிரித்துவிட்டார். எனக்கு மூச்சு வாங்கியது. பதில் சொல்ல முடியவில்லை.

இந்தக் கட்டுரையை அந்தக் கேள்விக்குத் தாமதமாகச் சொல்லும் பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

பயணத்துக்கு ஒரு திட்டம் இருந்தது. கிழக்கே சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறிய ஒரு பாதை. ஊட்டியிலிருந்து அவலாஞ்சி வழியாக சிஸ்பாரா கணவாயில் இறங்கிக் கோழிக்கோட்டுக்குப் போன இன்னொரு பாதை. இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வெட்டப்பட்டவை. சேர்த்து வைத்துப் பார்த்தால், கோவைச் சமவெளிக்கும் மலபார்க் கடலுக்கும் நடுவே நீலகிரியின் முதுகில் கிழித்த ஒற்றைக் கோடு. அந்தக் கோட்டில் சைக்கிள் எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பது. அவ்வளவுதான் திட்டம். மூன்று நாள் ஆனது. பாதித் தூரம் மிதித்தோம், மீதித் தூரம் தள்ளினோம். அவலாஞ்சியோடு சாலை முடிந்தது. அது முடிகிற விதம் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

2

என் அப்பா மில் தொழிலாளி. காரமடைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஷிப்டுக்கு ஷிப்டு சைக்கிளில் போய் வந்தவர். எங்கள் குடியிருப்பிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். தெருமுனையில் இறங்குவார். தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டு போய் மறுமுனையில் ஏறுவார். நைட் ஷிப்டு முடித்து வரும் விடிகாலையிலும் அப்படித்தான். "யாருமே இல்லியே, ஏறிப் போனா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். "தெரு இருக்குதில்ல" என்றார்.

தமிழ்நாட்டில் தலித்துகள் பலருக்கு இது புதிய செய்தி அல்ல. ஊர்த்தெருவில் செருப்புப் போடக்கூடாது, சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது என்ற தடைகள் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. இங்கே நான் கவனப்படுத்த விரும்புவது ஒன்றைத்தான்: சாலை என்பது மண்ணும் கல்லும் மட்டுமாக இருந்ததில்லை. யார் எங்கே ஏறலாம், எங்கே இறங்க வேண்டும் என்ற கட்டளைகள் அதன்மீது எழுதப்பட்டிருக்கின்றன. அதை வாசிக்கக் கற்றுக்கொண்ட உடம்பு, ஆளில்லாத தெருவிலும் இறங்குகிறது.

சைக்கிள் குறித்து நாம் வைத்திருக்கும் விடுதலைக் கதையாடலை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க முடியும். இவான் இல்லிச் 1970களில் ஒரு கணக்கு சொன்னார். சமதளத்தில் சைக்கிளில் போகும் மனிதர் நடப்பவரைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகப் போகிறார்; செலவழிப்பதோ ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல். மோட்டார் சிலருக்கு வேகத்தைக் கொடுத்துப் பலருடைய நேரத்தைப் பிடுங்குகிறது, சைக்கிள் யாரிடமும் எதையும் பிடுங்குவதில்லை என்பது அவர் வாதம். நமக்குப் பிடித்தமான வாதம். 1991-92இல் புதுக்கோட்டையில் அது கண்முன்னே நடந்தது. அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதைத் திட்டமாகவே எடுத்துச் செய்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரை வலம்வந்தார்கள். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும், தண்ணீர் எடுக்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற நிலைக்கு வந்தார்கள். பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

இல்லிச்சின் கணக்கில் ஊர்த்தெரு இல்லை. மலையும் இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் கணக்கு தலைகீழாகிறது. நம்முடைய பழைய கம்பி பிரேக் சைக்கிள் 20 கிலோ அளவுக்கு எடையுள்ளது. சமதளத்தில் ஆளைச் சுமந்த சைக்கிளை மேட்டில் ஆள் சுமக்கிறார். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பின்னர் எல்லோருக்குமாக விரிந்த அரசின் இலவச சைக்கிள் திட்டம், சமவெளியில் ஒரு தலைமுறையின் படிப்பையே மாற்றியது. எமரால்டில் ஒரு வீட்டின் பக்கச் சுவரில் அந்த சைக்கிளைப் பார்த்தேன். ஹேண்டில்பாரில் ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது.

"மேட்டுல எல்லாரும் எறங்கித்தான் ஆவோணும் தம்பி. பண்ணாடியும் எறங்கோணும், ஆளுக்காரனும் எறங்கோணும். சரிவுக்கு என்ன சாதி தெரியும்?" என்றார் அண்ணன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தபோது அப்படி விட்டுவிட முடியாது என்று பட்டது. மலைச் சரிவை இயற்கை தந்திருக்கலாம். சாலையின் சரிவை ஓர் ஆள் தீர்மானிக்கிறார். எத்தனை அடிக்கு எத்தனை அடி ஏற வேண்டும் என்று யாரோ ஒருவர், யாரையோ மனதில் வைத்து, காகிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார். அப்படியானால் கேள்வி இது: அந்தக் கணக்கில் யாருடைய மூச்சு சேர்த்தி?

3

நீலகிரிக்குப் பாதையே இல்லாதிருந்தது, 1819 ஜனவரியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வந்து 'கண்டுபிடித்தார்' என்பது பள்ளிப் பாடத்திலும் சுற்றுலாக் கையேட்டிலும் உள்ள கதை. அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1603இல், மலபாரிலிருந்து ஃபெனீசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் மேலே வந்து தோடர்களையும் படகர்களையும் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். வழிகாட்டிகளோடு வந்தார், ஏற்கெனவே ஆட்கள் நடந்துகொண்டிருந்த தடத்தில் வந்தார். தோடர்கள் எருமை ஓட்டிப் போன தடங்களும், படகர், கோத்தர், குறும்பர் கொடுக்கல் வாங்கலுக்கு நடந்த தடங்களும் அதற்கும் முந்தியவை. இல்லாததாகச் சொல்லப்படும் பாதை இல்லாததல்ல. சக்கரமும் பல்லக்கும் ஏறாதது, அவ்வளவுதான்.

சிறுமுகையிலிருந்து ஏறிய முதல் பாதை 1821-23இல் வெட்டப்பட்டது. மேற்பார்வை பார்த்த மக்ஃபர்சன் என்ற ராணுவ அதிகாரியின் பெயர் ஆவணங்களில் இருக்கிறது. பாறையை உடைத்தவர்களில் கோவை, சேலம் சிறைக் கைதிகள் இருந்தார்கள். அவர்கள் பெயர் இல்லை. இன்று பஸ் போகும் கோத்தகிரிச் சாலை அதே தடம் அல்ல; பின்னால் மேட்டுப்பாளையத்திலிருந்து வெட்டியது. கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய வீடு சிவப்புப் பூச்சோடு நினைவகமாக நிற்கிறது. வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தோம். கைதிகளுக்கு நினைவகம் எங்கே இருக்கும் என்று அண்ணன் கேட்கவில்லை. "ரோடுதானுங்களே அது" என்று, வெளியே வந்து ஏறும்போது, தானாகவே சொன்னார்.

1834 ஜூனில் மெக்காலே ஊட்டிக்கு வந்தார். கவர்னர் ஜெனரல் பென்டிங்க் அப்போது அங்கே ஓய்வில் இருந்தார். சென்னையிலிருந்து பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் வழியாக சுமார் 400 மைல். முழுத் தூரமும் மனிதத் தோள்களில் வந்ததாக அவரே எழுதினார். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு மெக்காலேயை 1835ஆம் ஆண்டின் கல்விக் குறிப்பு வழியாகத்தான் தெரியும். நம் மொழிகளில் எழுதப்பட்டவற்றின் பெறுமதியை அவர் எடைபோட்ட விதம் குறித்து வகுப்பில் நிறையப் பேசியிருக்கிறோம். அதற்கு முந்தைய ஆண்டு அவரது எடையை 400 மைல் சுமந்தவர்களைப் பற்றி யாரும் பேசியதில்லை. பல்லக்குத் தூக்கிகளின் தோள்மாற்று எத்தனை அடிக்கு ஒருமுறை நடந்திருக்கும்? ஏற்றத்தில் முன்னால் தூக்குகிறவர் குட்டையாக இருப்பது நல்லதா, பின்னால் தூக்குகிறவர் குட்டையாக இருப்பது நல்லதா? அந்த ஞானமும் ஏதோ ஒரு மொழியில்தானே இருந்திருக்கும்.

சிஸ்பாரா பாதை 1830களில் போடப்பட்டது. மேற்குக் கரையில் கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்கார நோயாளிகள் நேராக ஊட்டிக் குளிருக்கு ஏறிவிட வேண்டும் என்பது நோக்கம். அவலாஞ்சியில் தங்கல் பங்களா. அங்கிருந்து குந்தா மலைத்தொடரின் விளிம்போடு போய், மழையும் அட்டையும் நிறைந்த காட்டில் செங்குத்தாக இறக்கம். அந்த வழியில் ஓர் இடத்தின் பெயர் பங்கித்தபால். பங்கி என்றால் தோளில் போடும் காவடித் தண்டு. இரு முனையிலும் மூட்டை கட்டித் தூக்கிப்போகும் தபால் பங்கித் தபால். புகையிலையும் கஞ்சாவும் கடத்திப் போனவர்களின் பாதை என்றும் ஒரு பேச்சு உண்டு. சர்க்காரின் மூட்டையானாலும் கள்ள மூட்டையானாலும் சுமந்தது ஒரே மாதிரித் தோள்தான். பாதை போட்ட நோக்கம் பலிக்கவில்லை. வேறு கணவாய்களும், பிறகு ரயிலும் வந்தபின் காடு அதை எடுத்துக்கொண்டது. தோளின் பெயர் மட்டும் ஊர்ப்பெயராக மிஞ்சியது.

4

ஒவ்வொரு காலத்துச் சாலைக்கும் ஒரு சரிவு இருக்கிறது, அந்தச் சரிவுக்கு ஒரு முதலாளி இருக்கிறார். பல்லக்குக்கு வெட்டியது செங்குத்தாக இருக்கலாம். தூக்குகிறவர் மூச்சு இலவசம். காபியும் தேயிலையும் சிங்கோனாவும் இறங்க வேண்டிய காலம் வந்ததும் மாட்டுவண்டிக்காகச் சரிவு குறைக்கப்படுகிறது. மாடு செத்தால் சரக்கு நின்றுவிடும். 1860களில் நடுவட்டம் சிங்கோனாத் தோட்டங்களில் சீனக் கைதிகளைக் கொண்டு வேலை வாங்கினார்கள். அவர்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட கீழ்த்திசைத் துறைமுகக் குடியேற்றங்களிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்தவர்கள். குன்னூர்வரை 1899இலும், ஊட்டிவரை 1908இலும் வந்த ரயில், சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏறும் இடங்களில் பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. 1950களிலும் 60களிலும் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் வந்தபோது, டர்பைனும் இரும்புக் குழாயும் ஏற வேண்டியிருந்தது. மஞ்சூர், கெத்தைப் பக்கத்துச் சாலைகளில் வளைவுக்கு மேல் வளைவு அடுக்கியிருப்பது அந்த எடைக்காக.

வளைவு கூடினால் சரிவு குறையும், தூரம் நீளும். வண்டிக்கு அது லாபம். நடக்கிறவருக்கு நஷ்டம். ஆகவே நடக்கிறவர்கள் வளைவை ஒப்புக்கொள்வதில்லை. நீலகிரியில் எந்தச் சாலையிலும் இரண்டு வளைவுகளுக்கு நடுவே செடிகளைப் பிளந்துகொண்டு ஒரு குறுக்குப்பாதை ஏறுவதைப் பார்க்கலாம். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் போகிறார்கள். வரைபடத்தில் அது கிடையாது. சாலை ஒரு பிரதி என்றால், அதன் வரிகளுக்கு இடையே குறுக்காக எழுதப்பட்ட இன்னொரு பிரதி அது.

சைக்கிள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதற்குச் சக்கரம் இருப்பதால் குறுக்குப்பாதையில் ஏற முடியாது, வண்டிக்கு வெட்டிய வளைவில்தான் போக வேண்டும். அதற்கு எஞ்சின் இல்லாததால் அந்த வளைவில் மனித மூச்சில்தான் போக வேண்டும். விறகுச் சுமையோடு அந்த அம்மா எங்களை முந்தியது இதனால்தான். மலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது முட்டாள்தனம். ஆனால் சாலை யாருக்காகப் போடப்பட்டது என்பதை ஒவ்வோர் அடியிலும் காலுக்குச் சொல்லிக்கொடுக்கும் முட்டாள்தனம். பஸ்ஸில் போனால் இது தெரியாது. வெறும் நடையிலும் முழுசாகத் தெரியாது.

முத்தோரை பாலாடாவைத் தாண்டும்போது இருட்டு விலகவில்லை. தோட்டத்தில் விளக்கு வெளிச்சத்தில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மேட்டுப்பாளையம் சந்தைக்கு நேரத்தோடு சேர வேண்டும் என்பதால் நள்ளிரவு தாண்டியே ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். குளிரில் கழுவி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி முடிக்கும்போது மற்றவர்களுக்குப் பொழுது விடிகிறது. உருளைக்கிழங்கு இந்த மலையின் பயிராக இருந்த காலம் உண்டு. 1961இல் வேரைத் தாக்கும் நூற்புழு இங்கே கண்டறியப்பட்டது. பிறகு பல வயல்கள் தேயிலைக்கும் கேரட்டுக்கும் மாறின. 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் பெருந்தொகையினர் இந்த மாவட்டத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. ஒரு தீவின் மலைச்சாலையிலிருந்து இன்னொரு மலைச்சாலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கேரட் வண்டியின் பின்னால் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். கையசைத்தோம். வண்டி ஏற்றத்தில் கியர் மாற்றி மறைந்தது.

5

நெடுந்தூர சைக்கிள் பயணம் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற வரலாறு உண்டு. தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884-86இல் பெரிய முன்சக்கர சைக்கிளில் உலகைச் சுற்றினார். லாகூரிலிருந்து கல்கத்தாவரை கிராண்ட் டிரங்க் சாலையில் மிதித்தார். 1923இல் பம்பாயிலிருந்து கிளம்பிய பார்சி இளைஞர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 1928இல் உலகைச் சுற்றி முடித்துத் திரும்பினார்கள். காலனிய நாட்டுப் பிரஜைகள் வெள்ளைக்காரனுடைய சாகசத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டது சாதாரணமல்ல.

இந்த வரலாற்றை எழுதும்போது டயரை மறந்துவிடுகிறோம். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகுதான் எலும்பை உலுக்காமல் தூரம் போக முடிந்தது. காற்றை அடைக்க ரப்பர் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ரப்பருக்காக மலாயாக் காடுகள் தோட்டங்களாயின. டன்லப் நிறுவனமே அங்கே பெரிய தோட்ட முதலாளி. பால் வெட்டக் கப்பலேறிய கூலிகளில் பெரும்பான்மையினர் தமிழர்கள். உலகம் சுற்றிய சைக்கிளின் சக்கரத்தில் நம் ஆட்களும் சுற்றியிருக்கிறார்கள், பயணி என்ற பெயர் இல்லாமல்.

2008இலிருந்து 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்ற சைக்கிள் பயணம் நடக்கிறது. மசினகுடியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கல்லட்டி ஏற்றம் அதில் பேர்பெற்ற பகுதி. கியர் சைக்கிள், தலைக்கவசம், பின்னால் உதவி வண்டி. இதைக் கிண்டல் செய்துவிட்டுப் போவது சுலபம். நானும் செய்யத்தான் நினைத்தேன். பிறகு, மூன்று நாள் விடுப்புப் போட்டு, முடியாவிட்டால் பஸ் ஏறிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் கிளம்பியவன்தானே நானும் என்று தோன்றியது. மூச்சு வாங்குவதை விரும்பித் தேர்ந்துகொள்ள முடிகிறவர் பயணி. தேர்ந்துகொள்ள முடியாதவர் தொழிலாளி. இரண்டு பேருடைய நுரையீரலும் ஒன்றுதான். நான் கேட்பதெல்லாம், ஏற்றத்தை வென்றேன் என்று எழுதுகிறவர், அந்த ஏற்றத்தின் அளவை யாருடைய முதுகில் வைத்து அளந்தார்கள் என்று ஒரு வரியாவது எழுத வேண்டும் என்பதே. என் அப்பா மில்லுக்குப் போய்வந்த தூரத்தையெல்லாம் கூட்டினால் அவரும் உலகத்தைச் சுற்றியிருப்பார். தெருவில் தள்ளிய தூரத்தைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும்.

6

அவலாஞ்சி என்ற பெயர் ஆங்கிலச் சொல். பனிச்சரிவைக் குறிப்பது. பனிமலை இல்லாத இந்த ஊரில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த பெரிய மண்சரிவைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த வார்த்தையை வைத்தார்கள். நம் ஜனங்கள் அதற்கு ஒரு இகரம் சேர்த்துத் தமிழாக்கிக்கொண்டார்கள். 2019 ஆகஸ்டில் இங்கே ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சாலை பல இடங்களில் சரிந்து, அணைப் பகுதியில் வேலை பார்த்தவர்கள் துண்டிக்கப்பட்டார்கள். பெயர் மறுபடி பெயர்ச்சொல்லாக இல்லாமல் வினையானது. மலையை வெட்டி வெட்டிச் சரிவைக் குறைத்தோம். மலை தன் சரிவைத் திரும்பக் கேட்கிறது. இனி இங்கே சாலையை அகலப்படுத்துவது பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

அணையைத் தாண்டியதும் வனத்துறை கேட். உள்ளே துறையின் வண்டியில் மட்டும்தான் போகலாம். அதற்கப்பால் முக்குருத்தி தேசியப் பூங்கா, அதற்கும் அப்பால் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. சிஸ்பாரா பாதையும் பங்கித்தபாலும் அங்கேதான் எங்கோ. வரையாடுகளுக்கு அந்த இடம் வேண்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. நெடுஞ்சாலையாக இருந்த ஒன்று காடாகத் திரும்பியதைக் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. காவலர் நல்லவிதமாகவே சொன்னார்: "சைக்கிள் விடமாட்டோமுங்க, திரும்பிக்குங்க."

திரும்பினோம். இறக்கத்தில் ஏறி உட்காரப் போனேன். "வேண்டாம் தம்பி, எறங்கித் தள்ளுங்க. இந்த எறக்கத்துக்குப் பிரேக் கட்டை புடிக்காது" என்றார் அண்ணன்.

அந்த அம்மா வெளிப்பட்ட இடத்துக்கு வந்தபோது, சைக்கிள்களைச் சாலையோரம் சாய்த்துவிட்டுக் குறுக்குப்பாதையில் கொஞ்ச தூரம் இறங்கிப் பார்த்தேன். தடம் என்று நான் நினைத்திருந்தது படிகள். மண்வெட்டியால் வெட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கல் பதித்து, சுமையோடு வரும் கால் வழுக்காத மாதிரி உள்நோக்கிச் சாய்த்து வைத்திருந்தது. இரண்டு படிகளில் மண் புதுசாக இருந்தது. கடைசி மழைக்குப் பிறகு யாரோ சரிசெய்திருக்கிறார்கள்.